"காரை இறக்கியாச்சு, சரி... டயரோட உள்பக்கத்தைப் பார்த்தீங்களா?" - ஆரல்வாய்மொழி டு களியக்காவிளை ஒரு டயர் பயணம்!

முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி, ஆரல்வாய்மொழி வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் மலையைப் பார்ப்பார்கள். அடுத்து தோவாளைப் பூக்கடைகள். கொஞ்சம் கார் கிறுக்கு உள்ளவர்கள் என்றால், மூன்றாவதாக இன்னொன்றும் கண்ணில் படும். இங்கே ஓடுகிற சில கார்கள் தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும்.

பழைய ஸ்விஃப்ட்டாக இருக்கும், போலோவாக இருக்கும், சிட்டியாக இருக்கும். டயருக்கும் அதன் மேலே இருக்கும் பாடி வளைவுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். சக்கரங்களின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கபடியில் ரெய்டுக்கு வருகிறவனை மறிக்கக் காலை அகட்டி நிற்பார்களே, பின்னாலிருந்து பார்த்தால் அப்படி ஒரு நிற்பு. இதை இந்த ஊரில் 'வண்டியை எறக்குறது' என்கிறார்கள்.

TN 74 நாகர்கோவில். TN 75 மார்த்தாண்டம். மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளா. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டாலும், சாப்பாடு, பேச்சு, சினிமா எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்துக் காற்று வீசிக்கொண்டுதான் இருக்கிறது. கார் மாடிஃபிகேஷன் மோகமும் அப்படித்தான். அங்கே ஒரு வண்டி இறங்கினால் இங்கே இரண்டு இறங்கும். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

அழகு அவரவர் விருப்பம். 'வண்டி ஓட்டுறதுக்கா, காட்டுறதுக்கா?' என்று பஞ்சாயத்து வைக்க நமக்கு எண்ணமில்லை. நிஜமாகவே சில வண்டிகள் பார்க்க அம்சமாகத்தான் இருக்கின்றன. ஆனால், அந்த அழகுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, நாகர்கோவிலில் ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பெயரும் படமும் வேண்டாம் என்றார். "எறக்கின பையன்மாரு எல்லாரும் எனக்க கஸ்டமரு மக்களே. பேரைப் போட்டா நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்!"

வண்டியைப் பார்க்காமல், டயரை மட்டும் பார்த்தே அது எந்தப் பக்கத்து வண்டி என்று சொல்லிவிடுவாராம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. வயலும் குளமுமான சமவெளி, சாலைகளும் ஓரளவு நேராகப் போகும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ஏற்றம், இறக்கம், வளைவு, மறுபடியும் வளைவு. "குலசேகரம், அருமனைப் பக்கத்து வண்டின்னா முன் டயருக்க வெளி ஓரம் தேஞ்சிருக்கும். வளவுல சாஞ்சு சாஞ்சு ஓடுகது. அந்தப் பக்கத்து வண்டிக்கு உள் ஓரம் தேஞ்சிருந்துன்னு வையுங்க, எறக்கின வண்டின்னு கண்ண மூடிட்டுச் சொல்லீரலாம்" என்கிறார்.

ஏன் உள் ஓரம்? இங்கே கொஞ்சம் மெக்கானிக் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

சக்கரத்தின் நிற்பில் மூன்று கோணங்கள் உண்டு. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது காம்பர். தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் காம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் மூக்கும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. ஆங்கிலத்தில் டோ என்றால் கால்விரல். பாதங்களின் முன்பக்கத்தை உள்ளே திருப்பி நின்று பாருங்கள், அதுதான் டோ இன். வெளியே திருப்பினால் டோ அவுட். மூன்றாவது, காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அந்த மாதிரியான சாய்வு. ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். டயர் தேய்மானத்தில் அதன் பங்கு குறைவு என்பதால் அதை விட்டுவிடலாம்.

காரை இறக்கும்போது சக்கரம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. பாடிதான் கீழே வருகிறது. பாடியோடு சேர்ந்து ஸ்டீயரிங் பெட்டியும் கீழே வரும். அந்தப் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு, படுத்திருந்த நிலையிலிருந்து வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அதன் நீளம் மாறவில்லை, ஆனால் கோணம் மாறிவிட்டது. விளைவு, அது சக்கரத்தின் மூக்கை இழுக்கும் அல்லது தள்ளும். எந்தப் பக்கம் என்பது அந்த மாடலின் அமைப்பைப் பொறுத்தது. கீழே இருக்கும் லோயர் ஆர்மும் இதே மாதிரி கோணம் மாறி, காம்பரைக் கலைத்துவிடும். ஸ்பேனரே வைக்காமல் அலைன்மென்ட் முழுக்கக் கலைந்துவிடுகிறது.

பலரும் பயப்படுவது காம்பரைப் பார்த்துத்தான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே? கடைக்காரர் கணக்கு வேறு. "காம்பர் பைய பையத் திங்கும். இந்த டோ இருக்கே, அது அப்படியே முழுங்கீரும், கேட்டியளா!"

அவர் சொன்னதைச் சின்னக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். ஒரு சக்கரம் போகிற திசையிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் உரசி இழுபடுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உருளாமல், தார்ச்சாலையில் தேய்த்து இழுக்கப்பட்டிருக்கும். அரம் கொண்டு ராவுவது மாதிரி! கார் கம்பெனிகள் அனுமதிக்கும் டோ, ஒரு டிகிரியில் சிறு பங்குதான். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு மெஷின் பக்கமே வராத வண்டிகளில் ஒரு டிகிரியைச் சாதாரணமாகப் பார்க்கிறாராம் இவர்.

இதில் நெகட்டிவ் காம்பரும் சேர்ந்தால், காரின் எடையில் பெரும்பகுதி டயரின் உள் ஓரத்தில் உட்காரும். தேய்மானம் மொத்தமும் அந்த இரண்டு விரல் அகலத்தில்தான். வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் புதுசு மாதிரியே இருக்கும். சிக்கலே அங்கேதான்.

மதியம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காரில் வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் தோட்டம், மகன் வளைகுடாவில். மகன் லீவில் வந்தபோது ஆசைப்பட்டு இறக்கிவிட்டுப் போன காரை, இப்போது வீட்டுத் தேவைக்கு இவர்தான் ஓட்டுகிறார். "தக்கலை பக்கத்துல நல்ல மழை. முன்னால ஒரு டெம்போ நின்னுது. பிரேக்கை மிதிச்சேன், வண்டி நிக்கல்ல. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திரும்பவும் இல்ல. சறுக்கீட்டே போயி, டெம்போவுக்கு ஒரு முழம் இருக்கும்போ நின்னுது. பின்னால பேத்தி இருந்தா" என்றார். அதைச் சொல்லும்போதும் கை லேசாக நடுங்கியது.

"டயர் நல்லாத்தானே இருக்கு?" என்பதுதான் அவர் கேள்வி. கடைக்காரர் பதில் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, டயரின் உள்பக்கத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். வெளிப் பாதியில் பட்டன் ஆழமாக இருக்கிறது. உள் ஓரம் மொட்டை. இன்னொரு டயரில் ரப்பரே போய், உள்ளே இருக்கும் கம்பி பளபளவென்று எட்டிப் பார்த்தது. பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்கு இல்லை. மழையில் டயருக்கும் சாலைக்கும் நடுவே வரும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. சாலையை அழுத்திப் பிடிக்கும் பகுதியில் பள்ளமே இல்லையென்றால் தண்ணீருக்குப் போக இடமில்லை. டயர் தண்ணீரின் மேலே ஏறிவிடும். அப்புறம் அது கார் இல்லை, தோணி. கார் டயரில் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். டயர் பள்ளங்களுக்குள்ளேயே அந்த உயரத்தில் சின்ன ரப்பர் மேடுகளும் வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. வருஷத்தில் எத்தனை மாதம் இங்கே சாலை ஈரமாக இருக்கும் என்று மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு ரப்பர் விவசாயி மொட்டை டயரைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னொரு விதத்திலும் உறுத்தியது. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே கன்னியாகுமரி மாவட்டம்தான். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமும் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு என்று மலையடிவாரம் முழுக்கத் தோட்டங்கள். கன்று வைத்தால் வெட்டுக்கு வர சுமார் ஏழு வருடம் ஆகும். விடிவதற்கு முன்பே எழுந்து போய் மரம் மரமாக வெட்டிச் சிரட்டையில் பால் எடுக்க வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது, அப்படி வளர்த்த மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. இவ்வளவு பாடுபட்டு வரும் சரக்கை, கோணம் தப்பிய சக்கரம் சில மாதங்களில் சாலையில் பொடியாக்கிவிட்டுப் போகிறது.

கடையிலிருந்து கிளம்பி மேற்கே போனோம். பார்வதிபுரம் மேம்பாலம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம். இறக்கின கார் எதுவும் இந்தச் சாலையில் நிம்மதியாகப் போக முடியாது. 2011 கணக்கெடுப்பிலேயே சுமார் 18.7 லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டம். ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும். கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று வந்துகொண்டே இருக்கும். அந்தந்த இடத்துக்கு ஏற்ப வேகத்தடைகளும் வரும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், வட்டமாக ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை அந்த விதியை ஒருபோதும் சந்தித்ததில்லை! ஒரு ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். இரண்டு இஞ்ச் இறக்கினால் மிச்சம் 11 சென்டிமீட்டர் சொச்சம். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் அதுவும் குறையும். விதிப்படி கட்டிய வேகத்தடையே வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருக்கும். மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் சாமியார்மடம் பக்கம் நாம் பார்த்த ஒரு கறுப்பு கார், வேகத்தடையில் நேராக ஏறாமல் பாம்பு மாதிரி கோணலாக ஏறியது. ஒரு சக்கரம், அப்புறம் இன்னொரு சக்கரம். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மார்த்தாண்டத்தில், வண்டி இறக்கிக் கொடுக்கும் இளைஞர் ஒருவரிடமும் பேசினோம். அவருக்கும் பெயர் வேண்டாம். "ஸ்பிரிங்கை வெட்டுகவன் மெக்கானிக்கே இல்லண்ணா. காசு கம்மின்னு சொல்லி கேஸ் வச்சு அறுத்து விட்டுருவானுவ. பேரு கெடுகது எங்களுக்கு" என்று கோபப்பட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுற்றுகளைக் குறைத்தால் ஸ்பிரிங் உயரம் மட்டும் குறைவதில்லை, விறைப்பும் கூடிவிடும். சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலமும் போகும். பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருப்பிடத்திலிருந்து நழுவிவிடவும் கூடும். இதற்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர், ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டுத்தான் பையன்கள் கேஸ் கட்டர் பக்கம் போகிறார்கள்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், 1940-களிலேயே மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கிக் காரை இறக்கினார்கள். அவர்களும் ஸ்பிரிங்கை அறுத்தார்கள். சக்கர ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1958-ல் சட்டம் போட்டது. மறு வருடமே ஒருவர் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தி, போலீஸைப் பார்த்தால் காரைத் தூக்கி, போனதும் இறக்குகிற வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்! அந்தத் தடை நீங்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் சட்டம் இன்னும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். களியக்காவிளையைத் தாண்டும்போது இறக்கின கார்களின் டிரைவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொள்கிறார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் இது சிக்கலாகலாம். வண்டி பையன் பெயரில் இல்லாமல் அப்பா பெயரில் இருந்தால், நோட்டீஸ் வருவதும் அப்பாவுக்குத்தான்.

ஏற்கெனவே இறக்கிவிட்டவர்கள் என்ன செய்வது? நாகர்கோவில் கடைக்காரர் சொன்னவற்றில் முக்கியமானது இது: புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கு அலைன்மென்ட் செய்தால் மட்டும் போதாது. சில நூறு கிலோமீட்டர் ஓடி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டும். அதன் பிறகு, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லும் வழக்கமான கணக்கை இந்த வண்டிகளுக்குப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. மெஷினில் ஏற்றும் முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். திரையில் எல்லா எண்ணும் பச்சையாகாது. பெரும்பாலான சின்ன கார்களில் எளிதாகத் திருத்த முடிவது முன்பக்க டோ மட்டும்தான். பின்பக்கம் ஒரே இரும்பு பீமாக இருப்பதால் அங்கே திருகுவதற்கு ஒன்றுமே இருக்காது. "காம்பர் செவப்பா இருக்கேன்னு சண்டைக்கு வருவானுவ. எறக்கினா அது செவப்பாத்தான் இருக்கும். டோவைப் பச்சையாக்கித் தந்தா டயர் பாதி பொழச்சுது" என்கிறார்.

இன்னொன்று. கார் ஒரு பக்கமாக இழுத்தாலே அலைன்மென்ட் போச்சு என்று ஓடி வருகிறார்களாம். மழைநீர் வழிய சாலையின் நடுவை உயர்த்தி, ஓரத்தைச் சரித்துதான் போடுவார்கள். இடதுபுறம் ஓட்டும் நம் கார் லேசாக இடது பக்கம் நகர்வது இயல்பு. முப்பந்தல் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் எல்லாக் காரும்தான் இழுக்கும்!

இழுக்காத காரின் டயரும் தேய்ந்திருக்கலாம் என்பதால், பார்ப்பதற்கு ஒரே வழி பார்ப்பதுதான். கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்துவிட்டு, செல்போன் ஃப்ளாஷைப் போட்டு, கையை டயருக்குப் பின்னால் விட்டு ஒரு படம் எடுங்கள். பின் டயர்களுக்குக் குனிந்துதான் ஆக வேண்டும். ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகம் காம்பர் மேல். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி உரசினால் டோ. இறக்கின கார் என்றில்லை, பள்ளத்தில் ஒருமுறை பலமாக விழுந்த எந்தக் காருக்கும் இது பொருந்தும். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யலாம். விற்பதற்கு முன் வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். டயரை மாற்ற மறந்துவிடுவார்கள்.

மாலையில் நாகர்கோவில் திரும்பியபோதும் அந்தப் பெரியவரின் கார் கடையில்தான் நின்றது. இரண்டு புது டயர்கள் சுவரில் சாய்ந்திருந்தன. மகனிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டானா, வைத்திருக்கிறானா என்பது விசாரணை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில், பரண் மேல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறதாம். "அப்பா, ஒரு இஞ்சாவது எறங்கி இருக்கட்டும்ப்பா" என்று மகனின் குரல் கேட்டது. பெரியவர் போனைக் கடைக்காரர் பக்கம் திருப்பினார். "நீயே சொல்லு அவனுக்கு!"

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "மக்களே, திங்கக்கெழமை நான் ஸ்பிரிங்கை மாத்துகேன். நீ அடுத்த லீவுக்கு வா. வந்து, மொதல்ல அந்தப் பழைய டயரைப் பாரு. எடுத்து வச்சிருக்கேன்."